மொறுமொறுப்பு கேட்கும் தூரம்

ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் காலடியில் வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் தாமான் புலான் குடியிருப்பில், ஒரு வீட்டில் பொரித்த புறாவைக் கடித்தால் அந்தக் கடியின் சத்தம், கடிக்கிறவர் மனசில் இருக்கிற ஆள் எத்தனை கல் தொலைவில் இருந்தாலும், அவர் வலது காதில் போய் விழும் என்பது இன்று யாருக்கும் புதுச் சேதி இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது, வாசலுக்குத் தபால் வருகிறது, காதுக்குள் புறா வருகிறது, அவ்வளவுதான். ஆனால் முதன்முதலில் அது வந்த தீபாவளிக்கு மறுவாரம் இந்தத் தாமானே தலைகீழாக நின்றது, அதற்குக் காரணம் முறுக்கு.

பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்துச் சமைத்துக் கைப்பக்குவத்தில் கர்வம் ஏறிப்போன பரிமளா, ஒவ்வொரு தீபாவளிக்கும் பக்கத்து வீட்டு ஆ கியோங்குக்கு ஒரு டின் முறுக்கு கொடுப்பாள். ஆ கியோங் பின்கட்டில் புறா வளர்க்கிறவர். ரப்பர்த் தோட்டத்து லயன் வீட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்ததால் நம்மில் பாதிப் பேரைவிட நன்றாகவே தமிழில் திட்டுவார். அந்த வருஷம் அவர் டின்னை வெறுமனே திருப்பித் தரவில்லை. இன்னும் பறக்கத் தொடங்காத, கொழுகொழுவென்ற இரண்டு புறாக் குஞ்சுகளை அறுத்துச் சுத்தம் செய்து உள்ளே வைத்துக் கொடுத்தார்.

"தங்கச்சி, இதை மசாலா போட்டுக் கெடுக்காதே. சீனன் முறையில செய். தோலு மொறுக்குன்னு உடையணும். உன்னால முடியாதுன்னா சொல்லு, நானே செஞ்சுக்கறேன்."

முடியாது என்ற சொல்லை ஒரு சமையல்காரியிடம் சொல்லலாமா? பரிமளா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இறைச்சி என்றால் முதலில் மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறிக் கழுவுவதுதான் அவள் கைக்குத் தெரியும், ஆகவே புறா இரண்டும் மஞ்சள் நீராட்டுக்கு உட்கார்ந்த பெண் பிள்ளைகள் மாதிரி மஞ்சளாயின. வேலிக்கு மேலே தலையை நீட்டியிருந்த ஆ கியோங் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அன்னாசிப்பூ, பட்டை, இஞ்சி, கற்கண்டு, கறுப்பு சோயா எல்லாம் போட்டுக் கொதித்த தண்ணீரில் புறாவை இறக்கி, அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே ஊறவிட்டாள். வெளியே எடுத்து, மால்ட் பாகையும் வினிகரையும் வெந்நீரில் கரைத்து மேலெல்லாம் ஊற்றினாள். கை பிசுபிசுத்தது. பிசுபிசுப்பைக் கண்டதும் பழக்கதோஷம், குழாயைத் திறந்தாள்.

"கழுவாதே லா!" வேலி அதிர்ந்தது. "பாகு பூசினா கழுவக் கூடாது! தொடக் கூடாது! மூடக் கூடாது! காத்துல தொங்கணும்!"

ஆகவே புறா இரண்டும் பின்கட்டுக் கொடியில், மகள் யாழினியின் சுரிதார்களுக்கு நடுவே, கழுத்தில் கொக்கி மாட்டித் தொங்கின. அவற்றுக்கு எதிரே ஸ்டாண்டு ஃபேன் வைத்துப் பகலெல்லாம் காற்று விட்டார்கள். அந்தி சாய்கிற நேரத்தில் தோல் எண்ணெய்த்தாள் போலக் காய்ந்து விறைத்தது. பரிமளா புறாவைக் கொக்கியோடு எண்ணெய்ச் சட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்து, கொதிக்கிற எண்ணெயைக் கரண்டி கரண்டியாக அதன் தலையில் ஊற்றினாள். ஊற்ற ஊற்றத் தோல் பொன்னாகி, செம்பாகி, கடைசியில் குங்குமம் கரைத்த தேன் நிறத்துக்கு வந்து, தொட்டால் டிக் டிக்கென்று ஒலித்தது.

முதல் கடி அவள் புருஷன் கதிரேசனுடையது. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், எதைத் தின்றாலும் மனசு எங்கேயோ இருக்கும். அன்றைக்கு அவர் மனசு கிள்ளானில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி மேல் இருந்தது, அவன் துளை போடும் மெஷினை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராதவன். கதிரேசன் தொடையைக் கடித்தார். மொறுக்கென்றது. அவர் மெல்லும் முன்பே ஃபோன் அடித்தது.

"அண்ணே, என் காதுக்குள்ள யாருண்ணே முறுக்கு கடிக்கிறது? சத்தம் கேட்டதும் எனக்கு உங்க மெஷின் ஞாபகம் வந்துருச்சு. நாளைக்கே கொண்டாந்துடுறேன், நிறுத்தச் சொல்லுங்க!"

அடுத்து யாழினி கடித்தாள். தை மாசம் அவளுக்குக் கல்யாணம், ஆகவே அவள் மனசு எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. பினாங்கிலிருந்து மாப்பிள்ளை பதறிக்கொண்டு கூப்பிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆ கியோங் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

"பறக்கிற புறா சேதி கொண்டுபோகும். பொரிச்ச புறா மட்டும் சும்மா இருக்குமா?"

காரணம் பற்றி அந்தத் தாமானில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பேச நேரமும் இல்லை, ஏனென்றால் மறுநாளிலிருந்து பரிமளாவின் வாசலில் ஜனம் கூடிவிட்டது. ஆ கியோங்கிடம் ஆளுக்கொரு புறா வாங்கிக்கொண்டு வந்தார்கள். தாங்களே வீட்டில் பொரித்துப் பார்த்தவர்களும் உண்டு, ஆனால் பாதிப் பேர் பாகு பூசிய பிறகு கழுவினார்கள், மீதிப் பேர் பொறுமை இல்லாமல் ஈரத் தோலை எண்ணெயில் போட்டு முகத்தைச் சுட்டுக்கொண்டார்கள். தோல் உடையாவிட்டால் சத்தம் தெருமுனையைக்கூடத் தாண்டாது. உடைகிற தோல் பரிமளாவின் கையில்தான் வந்தது. அவள் எல்லாருக்கும் செய்து கொடுத்தாள், கூலியாக ஒரு இறக்கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

சிங்கப்பூரில் விடுதியில் தூங்குகிற மகனை எழுப்ப ஒருத்தி விடிந்ததும் கடித்தாள். வெளியூர் வேலை என்று சொல்லிப்போன புருஷனை நினைத்து இன்னொருத்தி முச்சந்திக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து கடித்தாள், அடுத்த மேசையில் பேப்பருக்குப் பின்னால் மறைந்திருந்தவன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றான், அந்தக் கதை வேறு கதை. கோயில் கமிட்டியில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. அபிஷேக நேரத்தில் யாரோ குருக்களை நினைத்துக் கடித்துத் தொலைத்ததில், மந்திரத்துக்கு நடுவே அவர் காதில் எலும்பு நொறுங்கியதாம். முடிவில் தலைவர் வைரவன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: பூசை நேரத்தில் கடிக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை அறவே கூடாது. தாமான் புலானே அதற்குக் கட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் உலகமெங்கும் தாமான் புலானின் சொந்தபந்தங்களுடைய காதுகள் ஓய்வெடுத்தன.

தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பொன்னுத்துரை மாஸ்டர்தான் பாவம். பிறந்ததிலிருந்து சைவம். மெல்பர்னில் இருக்கும் மகனோ அப்பாவின் அழைப்புகளை எடுப்பதே இல்லை. மாஸ்டர் தனக்குப் பதிலாகக் கடிக்கச் சொல்லி எதிர்வீட்டுச் சின்னராசுவை உட்காரவைத்து, மகனுடைய ஃபோட்டோவை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். சின்னராசு உண்மையிலேயே முயற்சி செய்தான். ஆனால் தோல் நாக்கில் பட்டதும் அந்த ருசியில், ஐயோ பெண்டாட்டி தனம் வீட்டில் இருக்க நாம் மட்டும் தின்கிறோமே என்று நினைத்துவிட்டான். எதிர்வீட்டிலிருந்து தனம் கையில் கரண்டியோடு வந்து சேர்ந்தாள். மாஸ்டர் அப்பளத்தைக் கடித்துப் பார்த்தார், வறுத்த வேர்க்கடலையைக் கடித்துப் பார்த்தார், ஒன்றும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, பரிமளாவிடம் தட்டை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தார். சற்று நேரத்தில் அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது.

"அப்பா? நீங்களாப்பா? கறியா சாப்பிடுறீங்க? எனக்காகவா?"

மாஸ்டருக்குப் பேச வாய் வரவில்லை. வாயில் புறா இருந்தது. தாமானே கைதட்டியது, தனம் கரண்டியால் தட்டைத் தட்டினாள், ஆ கியோங் வேலிக்கு மேலே ஏறி நின்று விசிலடித்தார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில், வெள்ளிக்கிழமை போக ஒவ்வொரு நாளும் அந்தி விளக்கு ஏற்றியானதும், பரிமளா தன் கூலி இறக்கையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்கு நினைக்க ஒரே ஒருத்திதான். ஜொகூர் பாருவில் இருக்கும் அவள் அக்கா கோமளா.

சண்டை வந்தது ஒரு பத்திரிகையால். கோமளா தன் மகள் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது, நல்வரவை விரும்பும் உற்றார் உறவினர் பட்டியலில் குவாந்தான் பங்காளியின் பல் முளைக்காத பேரன் பெயரெல்லாம் இருந்தது, கூடப் பிறந்த பரிமளாவின் பெயர் இல்லை. பரிமளா ஃபோனை எடுத்துக் கத்தினாள்: "இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு!" கோமளாவுக்கும் வாய் சும்மா இருக்குமா? "மிதிக்காதே! நானும் இனிமே உன் குரலைக் கேக்க மாட்டேன்!" இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு பரிமளா ஜொகூர் பக்கம் போகவில்லை, கோமளா அவள் அழைப்பை எடுக்கவில்லை.

இப்போது யாழினிக்குக் கல்யாணம். பத்திரிகையில் முதல் பெயராகக் கோமளாவின் பெயரைப் போட்டிருந்தாள் பரிமளா. ஆனால் அதைக் கொண்டுபோய் வைப்பது யார்? தாம்பாளத்தில் பழம் பூவோடு நேரில் வைக்காத பத்திரிகை உறவுக்குள் பத்திரிகையே இல்லை. வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன காலோ அவளுடையது.

"நான் போய் வெச்சுட்டு வரேன்," என்றார் கதிரேசன்.

"சண்டை போட்டது நீங்களா? போனா நான் போகணும். இல்லாட்டி அவ வரணும்."

ஆகவே அவள் இறக்கையைக் கடித்தாள். மொறுக். அக்கா, யாழினி கல்யாணத்துக்கு வா. மொறுக். பந்தக்காலுக்குப் பெரியம்மா மஞ்சள் பூசாட்டி எப்படி? மொறுக். சொற்கள் போகாது, சத்தம் மட்டும்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள். கிள்ளானிலிருந்து பதில் வந்தது, மெல்பர்னிலிருந்து பதில் வந்தது, தாமானில் எல்லாருடைய ஃபோனும் அடித்தது. ஜொகூர் மட்டும் ஊமையாகக் கிடந்தது. ஒருவேளை அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ, ஒருவேளை கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாளோ, இரண்டில் எது அதிகம் வலிக்கும் என்று பரிமளாவால் சொல்ல முடியவில்லை.

மார்கழி போய்த் தை பிறந்தது. பந்தக்கால் ஊன்றும் வியாழக்கிழமை நெருங்கியது. பந்தக்கால் ஊன்றிவிட்டால் கல்யாணம் முடிகிறவரை வீட்டில் கவிச்சி வாடையே வரக் கூடாது. ஆ கியோங்கின் கூடுகளிலும் குஞ்சுகள் தீர்ந்துவிட்டன. தாய்ப் புறாக்கள் புது முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தன, அவர் இனி யாருக்கும் கிடையாது என்று கூட்டைப் பூட்டிவிட்டார். ஒன்றே ஒன்றை மட்டும் பரிமளாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்து புதன்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுதான் கடைசி. நல்லா ஓங்கிக் கடி, தங்கச்சி."

அப்படி ஒரு புறாவை அவள் அதற்கு முன் செய்ததில்லை. மஞ்சள் போடவில்லை. கழுவவில்லை. வெளியே மழை கொட்டியதால் கூடத்திலேயே கொடி கட்டி, வீட்டிலிருந்த எல்லா ஃபேன்களையும் அதன் பக்கம் திருப்பினாள், கதிரேசன் வியர்த்து ஒழுகியபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எண்ணெய் ஊற்றி முடித்தபோது தோல் அப்படி மினுங்கியது, விரல் நகம் பட்டதற்கே டிக்கென்று குரல் கொடுத்தது. இந்தச் சத்தம் ஜொகூருக்கு என்ன, கடல் தாண்டியும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள். தட்டில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தியம்மா திலகவதி வந்து இறங்கினார். பந்தக்காலுக்கு மாவிலை, நவதானியம், தேங்காய் என்று கை நிறையச் சாமான்களோடு வந்தவர், நேரே சமையலறைக்குள் போனார். மேடையில் சமைத்த பதார்த்தம் வாயைப் பிளந்து கிடக்கிறது. ஈ மொய்க்கும், பல்லி விழும், கண் படும். பொறுப்பான எந்தத் தமிழ்ப் பெண்மணி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போவார்? பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, இடுக்கு விழாமல், அழுத்தமாகக் கவிழ்த்து மூடினார்.

பரிமளா விளக்கேற்றி, சம்பந்தியை வரவேற்று, கோப்பி கொடுத்து, பேச்சில் அகப்பட்டு, விடுவித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். தட்டைத் தூக்கினாள். தட்டின் உள்பக்கத்திலிருந்து ஆவித் தண்ணீர் பொட்டுப் பொட்டாகச் சொட்டியது. தோல் நனைந்த துணியாய்த் தொய்ந்து எலும்போடு ஒட்டிக்கிடந்தது.

"நான்தான் மூடி வெச்சேன் சம்பந்தி," என்றார் திலகவதி பின்னாலிருந்து, நல்ல காரியம் செய்த முகத்தோடு. "தொறந்து போட்டுட்டுப் போயிட்டீங்களே!"

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு நடந்திருப்பதே வேறு. மகளைக் கட்டிக்கொடுக்கிற இடம். "நல்லதாப் போச்சு சம்பந்தி," என்று சொல்லிவிட்டுப் பரிமளா மறுபடி எண்ணெயைக் காய்ச்சினாள். நீர் கோத்த தோல் வெடித்ததே தவிர மொறுமொறுக்கவில்லை, செருப்புத் தோலாக இறுகியது. இறக்கையைப் பிய்த்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், அக்காவை நினைத்து, உயிரைக் கொடுத்துக் கடித்தாள். சவக் சவக் என்றது. அது அவள் காதுக்கே கேட்கவில்லை. மழைக்குள் நின்றுகொண்டு வாய் விட்டு அழுதாள், வேலிக்கு அந்தப் பக்கம் ஆ கியோங் தன் கூடத்து விளக்கை அணைத்தார். மீதிப் புறாவைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதே தட்டால் மூடி, வீட்டுக்கு வெளியே, துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தாள்.

மறுநாள் காலை வாசலில் குழி தோண்டியாயிற்று. மூங்கிலுக்கு மாவிலை கட்டியாயிற்று. மஞ்சள் கிண்ணம் தயாராக இருந்தது. முதல் பொட்டை யார் வைப்பது என்று வைரவன் கேட்க வாயெடுத்தபோது, ஒரு டாக்சி வந்து கிறீச்சென்று நின்றது. தலை வாராமல், கசங்கிய சேலையோடு, ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு கோமளா இறங்கினாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவளின் முகம். யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து தங்கையின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"ஏன்டி, நேத்து புதன்கிழமைதானே?"

"ஆமாக்கா."

"வெள்ளிக்கிழமை இல்லியே?"

"இல்லக்கா."

"அப்ப ஏன்டி கடிக்கல?" கோமளா தங்கையை உலுக்கினாள். "அந்தியிலேர்ந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு சத்தமும் இல்ல. உனக்கு என்னவோ ஆயிருச்சின்னு… ஃபோன் பண்ணா எடுக்கல…"

எப்படி எடுப்பாள்? அழுகிறபோது இடுப்பில் செருகியிருந்த ஃபோன் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது.

"கடிச்சேன்கா. சத்தம் வரல." பரிமளா அக்காவின் கையைப் பிடித்தாள். "உனக்குக் கேட்டுச்சாக்கா? எல்லா நாளும்?"

"கேக்காம? தீபாவளி முடிஞ்ச கையோட வந்ததே, அது கொஞ்சம் ஈரம். அப்புறம் ஒரு செவ்வாக்கிழமை பாகு கூடிப்போயி கருகின சத்தம். பொங்கலன்னிக்குக் கடிச்சது பாரு, அதான்டி சத்தம்! எங்க வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காதை ஒட்டிக் கேக்கச் சொன்னேன்."

"அப்ப ஏன்க்கா ஒரு ஃபோன் போடல?"

கோமளா தலையைக் குனிந்தாள். "உன் பேரை விட்டது நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போடுவேன்? குரலைத்தான் கேக்க மாட்டேன்னு சொன்னேன். நீ கடிக்கிறதைக் கேக்க மாட்டேன்னு சொன்னேனா?"

அப்படிச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வராத அந்தப் புறாவைத் தேடி வீட்டைச் சுற்றி நேரே பின்கட்டுக்குப் போனாள். வாசலில் நின்ற அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். துவைக்கும் கல்லின் மேலிருந்த எவர்சில்வர் தட்டைக் கோமளா தூக்கினாள். ராத்திரி ஈரத்தில் மறுபடி தண்ணீர் கோத்து வெளுத்துக் கிடந்த புறாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதை எந்த மகராசிடி மூடி வெச்சது?"

திலகவதி சம்பந்தியம்மா சட்டென்று வானத்தைப் பார்த்தார். கதிரேசன் இருமினார். ஆ கியோங் வேலிக்கு மேலே கையை நீட்டிச் சுட்டிக்காட்டப் போனார், பரிமளா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ராத்திரியெல்லாம் அந்தத் தட்டைச் சபித்தவள் அவள்தான். இப்போது அதை அக்காவின் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள்.

"யாரா இருந்தா என்னக்கா," என்றாள். "அந்த மகராசி நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

கோமளா உள்ளே போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பந்தக்காலுக்கு முன்னால் நடந்தாள்.